குட்டிக்கு விட்ட இடம்

ஜூன் 17

படுக்கையில் கிடந்தபடி வாட்டர்கலர் செய்ய முடியாது என்பது இன்று முடிவாகிவிட்டது.

காலையில் தலையணைமேல் பலகையைச் சாய்த்து, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையை ஆரம்பித்தேன். செம்மண் நிறத்தைக் கரைத்து, தூரிகையை ஓர் அலசு அலசியதும் டம்ளர் கவிழ்ந்தது. தண்ணீர் எனக்கு அடியில் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே ஈரம் பரவுவது தெரிந்தது. டம்ளர்தான் கவிழ்ந்தது, என் கண் முன்னால்தான் கவிழ்ந்தது. ஆனாலும் குனிந்து பார்க்க என்னால் முடியவில்லை. அத்தையைக் கூப்பிட்டேன். வந்து விரிப்பைப் பார்த்தார். சிவந்த ஈரம். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பெயின்ட்டுங்க அத்தை. வெறும் பெயின்ட்டு."

நான் சொன்னது அவர் காதில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு எழுந்து வந்து, என்னை மெல்லப் புரட்டி விரிப்பை உருவினார். முகர்ந்தும் பார்த்தார். டம்ளர், தூரிகை, பலகை, சாயப்பெட்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்ப் பரண்மேல் போட்டுவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பூபதி வந்ததும், படம் வரைகிற டேப்லட் ஒன்று வேண்டும் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. அதற்குள் அத்தை சொல்லியிருப்பார்.

ஜூன் 19

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். ஆனால் நாள் முழுக்க இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடப்பவள் யாரிடம் சண்டை போடுவாள்? நோட்டிடம் போடலாம், அது திரும்பப் பேசாது.

கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். குளியலறைக்கு மட்டும் எழுந்து போகலாம். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார் பூபதி. பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிறவர், ரசமட்டம் பிடித்துப் பார்த்துத்தான் வைத்தார். தலை தாழ, கால் உயர. ஈரத்தாளை இப்படிச் சாய்த்து வைத்தால் சாயமெல்லாம் கீழ் மூலைக்கு ஓடிவந்து தேங்கும். எனக்கும் எல்லாம் தலையில் வந்துதான் தேங்குகிறது.

இருப்பது ஒரே வேலை. சென்னையில் பர்வீன் நடத்தும் பதிப்பகத்துக்கு ஒரு சிறுவர் புத்தகம். பவானி ஆற்றங்கரையில் ஒரு தாய் நீர்நாய், தண்ணீரைக் கண்டால் பயப்படும் அதன் குட்டி. நீர்நாய்க் குட்டிக்கும் நீச்சல் பிறவியில் வந்துவிடாதாம். தாய்தான் கவ்வி இழுத்துக்கொண்டு போய்ப் பழக்க வேண்டுமாம். பாதிப் பக்கங்களைப் போன வருடம் தாளில் வரைந்தேன். அப்புறம் வேலை நின்றுபோனது. பர்வீன் ஏன் என்று கேட்காமல் காத்திருந்தாள். இப்போது ஆகஸ்ட் கடைசிக்குள் அச்சுக்குப் போயே ஆக வேண்டும்.

மீதிப் பக்கங்களை டேப்லட்டில் போட்டால் பழைய பக்கங்களோடு ஒட்ட வேண்டும். பெரியவர்களை ஏமாற்றிவிடலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டியதுமே, "இது வேற ஆள் வரைஞ்சது" என்று சொல்லிவிடும்.

ஜூன் 21

டேப்லட் வந்தது. பேனாவும் வந்தது.

"கடைக்காரன் எல்லா பிரஷ்ஷும் இதுக்குள்ளயே இருக்குதுன்னான்மா" என்று பூபதி தன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அத்தை அதைத் திருப்பிப் பார்த்தார். "தண்ணி வேண்டாமில்ல?" என்றார். வேண்டாம் என்றதும் என் பக்கத்தில் வைக்க அனுமதி கிடைத்தது.

வாட்டர்கலர் என்று பெயர் போட்டு ஆறு பிரஷ். ஒன்று நகப்பாலிஷ். இன்னொன்று சளி பிடித்தவனின் கைக்குட்டை. மூன்றாவது, ரப்பர் தேய்த்து அழித்த இடம் போலிருக்கிறது. மற்றவற்றைப் பற்றி எழுதினால் மை வீண்.

நிஜத் தண்ணீர் என்ன செய்யும்? சாயம் காயும்போது ஓரத்துக்கு ஓடிப்போய் அங்கே கறுத்த கோடாக நிற்கும். பாதி காய்ந்த இடத்தில் ஒரு சொட்டு விழுந்தால் காலிஃபிளவர் மாதிரி விரியும். தாளின் பள்ளத்தில் பொடி தங்கி, மேட்டில் வெள்ளை தெரியும். இதையெல்லாம் செய்கிற பிரஷ்ஷை எவனாவது, எந்த ஊரிலாவது செய்து வைத்திருப்பான். நாளைக்குத் தேடிப் பிடிக்கிறேன்.

ஜூன் 24

தேடினேன். பிடிக்கவில்லை.

இலவசம் என்று ஒரு மூட்டை இறக்கினேன், உள்ளே நானூறு பிரஷ். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அலையைப் போட்டுப் பார்த்து, பிடிக்காததற்கெல்லாம் பெயர் வைத்தேன். வழுக்கை. அவசரக்காரன். கல்யாண வீட்டுச் சாம்பார். வரி ஏய்ப்பாளன் என்று ஒன்று. அழுத்தினால் நிறம் வரும், கையை எடுத்ததும் இருந்த நிறமும் போய்விடும்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் வீடியோவில் குசுகுசுவென்று பேசிக்கொண்டே ஒரு எலுமிச்சம்பழத்தை வரைகிறாள். தத்ரூபம். அவள் பிரஷ்ஷைக் காசு கொடுத்து வாங்கினேன். என் கையில் அது எலுமிச்சை ஊறுகாயாக வந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடத் தெரியும். கூடம்தான் கோணல், செங்கல் வைத்து ஏற்றியிருக்கிறார்களே.

ஜூன் 25

ராகிக் களி, கீரை, இரும்புச் சத்து மாத்திரை. நாளையும் அதேதான்.

ஜூலை 1

ஒன்று கிடைத்துவிட்டது. எந்த ஊர்க்காரன் என்று தெரியவில்லை, பெயர்கூடப் போடவில்லை. அவனுடைய பிரஷ் ஓரத்தைக் கறுக்கிறது, பேனாவைத் தூக்குகிற இடத்தில் ஒரு சொட்டு தேங்கி நிற்கிறது. படுத்துக்கொண்டே ஒரு மதகும் நாணல் புதரும் போட்டேன். அத்தை சூப்புக் கொண்டுவந்தவர் எட்டிப் பார்த்தார்.

"ஆறு ஓடற மாதரயே இருக்குது கண்ணு."

"நிஜமாங்க அத்தை?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? காலைத் தண்ணீல விட்டாச் சில்லுங்கும்போல."

இதைவிடப் பெரிய பாராட்டு பர்வீன்கூடச் சொன்னதில்லை. சூப்பை முழுக்கக் குடித்தேன்.

ஜூலை 4

அவசரப்பட்டுவிட்டேன். மூன்று பக்கம் முடித்து வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே கறை மூன்று பக்கத்திலும் இருக்கிறது. அதே வளைவு, அதே சொட்டு, அதே இடத்தில் ஒரு சின்ன வால். பிரஷ்ஷுக்குள் ஒரே ஒரு கறையைத்தான் வைத்திருக்கிறான், அதைத்தான் திருப்பித் திருப்பி முத்திரை குத்துகிறது. தண்ணீர் ஒரு தரம் செய்ததை மறு தரம் செய்யாது. இது செய்கிறது. கண்ணில் பட்ட பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

கறையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திருப்பிப் போடும்படி மாற்ற ஒரு வழி இருக்கிறதாம். மதியம் முழுக்க அதைத் தோண்டினேன். இடது தோள் மரத்துப்போனது. வலப்பக்கம் திரும்பிவிட்டேன், அத்தை பார்த்துச் சத்தம் போட்டார்.

ஜூலை 5

மதியத் தூக்கத்தில் கெட்ட கனவு. விழித்தபோது விரிப்பை இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். டேப்லட்டில் அப்படித் தட்டினால் கடைசியாகச் செய்தது இல்லாமல் போய்விடும்.

ஜூலை 11

கறைச் சிக்கல் தீர்ந்தது. பக்கங்கள் வளர்கின்றன. பாறை, மருதமரம், மீன்கொத்தி, தாய் நீர்நாயின் நனைந்த முதுகு. அந்த முதுகு எனக்கே பிடித்திருக்கிறது.

அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். "குட்டி கரையில் நின்றது. தண்ணீரைப் பார்த்தது." பிறகு படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"குட்டி நின்னுதுன்னு போட்டிருக்குது. எங்க நிக்குது?"

"அந்த இடம் விட்டிருக்கேனுங்க அத்தை. கடைசில போடுவேன்."

"பழைய படத்துலயும் போடலயே?"

"வாட்டர்கலர்ல வெள்ளை எங்க வேணுமோ அங்க முதல்லயே விட்டுறோணுங்க. அப்புறம்தான் மத்ததெல்லாம். அதுதான் முறை."

முறைதான். பொய் சொல்லவில்லை. எல்லாப் பக்கத்திலும் குட்டியின் உருவத்துக்கு இடம் விட்டுச் சுற்றிலும் வரைந்திருக்கிறேன். குட்டிக்கு வேறு பிரஷ் வேண்டும். மெல்லிய மயிர், பாதி நனைந்தது, பாதி காய்ந்தது. அது கிடைத்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட்டுவிடலாம்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. அம்மியை நகர்த்துகிற காற்று இன்றைக்கே வந்துவிட்டது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. மூன்று தடவை மின்சாரம் போனது. நான் மட்டும் அசையக்கூடாது.

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார். "ஆவணி பொறந்ததும் வளையல் போட்டு, கட்டுச்சோத்து விருந்து வெச்சரலாம். உங்கண்ணன்கிட்டப் பேசட்டுமா?"

"வேண்டாமுங்க."

"பெருசா ஒன்னும் வேண்டாம். வீட்டோட..."

"வேண்டாங்க அத்தை. ஒன்னும் வேண்டாம். ஒரு வளையல் வேண்டாம். ஒரு துணி வேண்டாம். எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்."

குரல் உயர்ந்துவிட்டது. அத்தை உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழந்தைக்கு முன்கூட்டி எதையும் வாங்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்தக் குடும்பம்தான். போன தடவை அப்படித்தான் சொன்னார்கள்.

புதிதாக மயிர் பிரஷ் ஒரு தொகுப்பு இறக்கினேன். பூனை, முயல், கரடி எல்லாம் இருக்கிறது. நீர்நாய் இல்லை.

ஜூலை 20

போன தடவை நின்றுபோன வாரத்தை இன்றோடு தாண்டியாகிவிட்டது. பூபதி அலுவலகம் போகாமல் கூடத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். ஒரே பக்கத்தைத்தான் காலையிலிருந்து படித்தார். நானும் இதற்குமேல் எழுதப்போவதில்லை.

ஜூலை 23

பர்வீன் கூப்பிட்டாள்.

"மங்கை, பக்கம் எல்லாம் பார்த்தேன். டேப்லட்னு சொன்னா சத்தியமா யாரும் நம்ப மாட்டாங்க. குட்டி எப்ப வரும்?"

"பிரஷ் சரியா அமையல பர்வீன். மயிர் எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி வருது."

"தாய்க்கு எந்த பிரஷ் போட்டீங்களோ அதையே போடுங்களேன்."

"தாய்க்கு வேற, குட்டிக்கு வேற."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கு அச்சடிக்கத்தான் தெரியும், வரைகிறவள் கஷ்டம் உனக்கு எப்படிப் புரியும் என்று கேட்டுவிட்டேன். "சரி மங்கை, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள். கோபப்படுகிறவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்பவர்களை என்ன செய்வது? சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 24

பிரஷ்: கிழட்டு முயல். ம்ஹூம்.

ஜூலை 26

பிரஷ்: பஞ்சு மிட்டாய். ஈரப்பஞ்சு. தேய்ந்த துடைப்பம். மூன்றும் ம்ஹூம்.

ஜூலை 31

பர்வீன் சோதனை அச்சு அனுப்பியிருந்தாள். கூரியரில் வந்த சுருளை பூபதி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விரித்துப் போட்டார். தாளில் வரைந்த பக்கங்களில் குட்டிக்கு விட்ட இடம் பளீரென்று வெள்ளையாக இருக்கிறது. டேப்லட்டில் வரைந்தவற்றில் அதே இடம் அழுக்கு. கிட்டப் பார்த்தால் மண் தூவியது மாதிரிப் பொடிப்பொடியாகப் புள்ளி. பூபதி பூதக்கண்ணாடி எடுத்து வந்து பார்த்தார்.

"இங்க ஏதோ வரைஞ்சிருக்கறயே?"

"நான் ஒன்னும் வரையலீங்க. அது சும்மா விட்ட இடம்."

பர்வீனைக் கூப்பிட்டேன். அவளுக்கும் காரணம் அச்சகத்தில் கேட்ட பிறகுதான் தெரிந்திருக்கிறது. "நீங்க தாள் மாதிரித் தெரியணும்னு அடியில ஒரு சொரசொரப்பு வெச்சிருக்கீங்கள்ல, அதுவும் சேர்ந்து அச்சாகுது. தாள்ல சும்மா விட்டா சும்மா இருக்கும். இதுல நீங்க சும்மா விட்ட இடத்துலயும் ஏதோ ஒன்னு அச்சாகும், மங்கை."

தெரியாத்தனமாகச் செய்த தப்பு. புதிதாக டேப்லட்டுக்கு வந்த வாட்டர்கலர்காரர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது செய்வார்கள் என்று அச்சகக்காரர் சொன்னாராம். அந்தச் சொரசொரப்பை மட்டும் அணைத்தேன். அழுக்கு போய்விட்டது. ஆனால் இப்போது ஆறு, பாறை, நாணல் எல்லாம் இருக்க, நடுவில் யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த மாதிரி ஓர் ஓட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் குட்டியின் உருவில் ஓட்டை. அழுக்கே தேவலை.

டேப்லட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பூபதி சுருளைச் சுற்றி மூலையில் சாத்திவைத்தார்.

ஆகஸ்ட் 2

டேப்லட்டைத் தொடவில்லை. காற்று நின்றபாடில்லை.

ஆகஸ்ட் 5

ஆஸ்பத்திரி. காலையில் முதுகு இழுத்துப் பிடித்தது. வாயுவாக இருக்கும் என்று அத்தை ஓமத்தண்ணீர் கொடுத்தார். மறுபடி பிடித்தது. அதன் பிறகு விட்டு விட்டு வரவே பூபதி காரை எடுத்தார். வேகத்தடை ஒவ்வொன்றிலும் எறும்பு ஊர்கிற மாதிரி ஏறி இறங்கினார்.

வலி நிற்க மருந்து ஏறுகிறது. நுரையீரல் பலப்பட ஊசி போட்டார்கள், என் நுரையீரல் அல்ல. தையல் தாங்குகிறது, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது, உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் லாபம் என்றார் டாக்டரம்மா. வலது கையில் ஊசி குத்தியிருப்பதால் இடது கையில் எழுதுகிறேன். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 6

இன்று நடந்ததை எழுத வேண்டும். இடது கையாக இருந்தாலும் முழுக்க எழுத வேண்டும்.

காலையில் நர்ஸ் வந்து குழாயைச் சரி பார்த்தார். போகும்போது வாசலில் நின்று, "மெத்துனு பருத்தித் துணி ரெண்டு கொண்டாந்து வெச்சுக்கங்க. எந்நேரம் வேணாலும் தேவைப்படும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், எல்லாரிடமும் சொல்வதுதான். அத்தை புடவைத் தலைப்பை இழுத்து இறுக்கிச் செருகினார். "அதெல்லாம் அப்பறம் வாங்கிக்கலாமுங்க" என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. பூபதி எழுந்து வெளியே போனார். வெகுநேரம் கழித்து வந்தார். அத்தையிடம், "நீ போயி டீ குடிச்சுட்டு வாம்மா" என்றார். அத்தை மறுபேச்சுப் பேசாமல் போனார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, மருந்து சொட்டுவதைப் பார்த்தார்.

"போன தடவயும் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"துணி. நீ மயக்கத்துல இருந்த. நர்சு வந்து, சுத்தறதுக்குத் துணி குடுங்கன்னாங்க. நம்மகிட்ட ஒன்னுமே இல்ல. முன்னாலயே வாங்கக்கூடாதுன்னு வாங்கலயே. அம்மா முந்தானையக் கிழிக்கப் பாத்துச்சு. கிழியல. நான் தோள்ல கெடந்த துண்டக் குடுத்தேன்."

தோளை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

"வேர்வை தொடச்ச துண்டு, மங்கை. காலைல இருந்து அதுலதான் மூஞ்சி தொடச்சுட்டு இருந்தேன். அதுலதான் சுத்திக் குடுத்தாங்க. ஒரு நல்ல துணி இல்லாமப் போச்சேன்னு இன்னைக்கு வரைக்கும்..."

பூபதி அழுது நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லாமல், மருந்துப் புட்டியைப் பார்த்தபடியே அழுதார். நான் ஊசி குத்தாத கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன், அதுதான் எட்டியது.

குழந்தையை எனக்குக் காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்களாம். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நானும் கேட்கவில்லை. யாரிடமும், ஒரு நாளும் கேட்கவில்லை. இன்று கேட்டேன்.

"உங்க கையில குடுத்தாங்களா?"

"ம்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்தா?"

அவர் யோசித்தார் என்று சொல்ல முடியாது, அங்கே திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது.

"சின்னதா. என்ற ரெண்டு கைக்குள்ள அடங்கிட்டா. அந்த மாசத்துல புருவமெல்லாம் இருக்காதுன்னு நெனச்சிருந்தேன். இருந்துது. பூனைமயிராட்டம், மெல்லிசா. உன்ற மாதரயே நடுவுல வந்து சேந்திருந்துது. யார்ரா என்னை எழுப்பறதுன்னு கோவிச்சுக்கற மாதர."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அழுதேன், வயிறு குலுங்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு என் புருவம் இருந்திருக்கிறது. இத்தனை மாதமாக அது எனக்குத் தெரியாது. எனக்கு அவள் முகமில்லாமல்தான் இருந்தாள்.

அத்தை டீயோடு வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். டீயை வைத்துவிட்டு என் கால்களை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 8

பூபதியை வீட்டுக்கு அனுப்பி டேப்லட்டைக் கொண்டுவரச் சொன்னேன். தலையணைகளை அடுக்கி அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டார். வலது கையில் இன்னும் ஊசி. இடது கையில் பேனா. முயல், கரடி, ஈரப்பஞ்சு எதையும் தேடவில்லை. செயலியைத் திறந்ததும் முதலில் நிற்கிற பிரஷ் எதுவோ அதையே எடுத்தேன். முதல் நாள் நகப்பாலிஷ் என்று திட்டினேனே, அதுதான்.

கரையில் நிற்கிற பக்கத்தில் ஆரம்பித்தேன். கோடு நடுங்கியது, ஒரு காது பெரிதாகப் போயிற்று. அழிக்கவில்லை. குட்டி தண்ணீரைப் பார்த்துக் கோபமாக நின்றது. கண்ணுக்கு மேலே, நடுவில் சேர்கிற மாதிரி, இரண்டு மெல்லிய தீற்றல் வைத்தேன்.

அப்புறம் நிறுத்தத் தோன்றவில்லை. நர்ஸ் வந்து திட்டும்வரை வரைந்தேன்.

ஆகஸ்ட் 10

எல்லாப் பக்கத்திலும் குட்டி வந்துவிட்டது. தாளில் வரைந்த பழைய பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த படங்களிலும் போட்டுவிட்டேன். அனுப்பியதும் பர்வீன் கூப்பிட்டாள்.

"குட்டி மட்டும் வாட்டர்கலர் மாதிரி இல்ல மங்கை."

"தெரியும்."

"மத்த எல்லாம் அவ்ளோ தண்ணியா இருக்கு. இது மட்டும் குழந்தை வரைஞ்ச மாதிரி இருக்கு."

"மாத்தணுமா?"

"வேண்டாம்." மறுபடி ஒரு தரம் பார்த்திருப்பாள். "நீர்நாய்க்குப் புருவம் உண்டா?"

"இதுக்கு உண்டு."

"சரி. அச்சுக்கு அனுப்பிடறேன்" என்றாள். சாப்பிட்டீங்களா என்றும் கேட்டாள். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

ஆகஸ்ட் 12

மறுபடி வலி வந்துவிட்டுப் போனது. மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். இன்றோ நாளையோ இருக்கலாம், இன்னும் பத்து நாள் தள்ளினாலும் தள்ளலாம், எதற்கும் தயாராக இருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எது செய்தாலும் என்னிடம் சொல்லித்தான் செய்வார்கள், எதையும் மறைக்க மாட்டார்கள் என்று அவரிடம் உறுதி வாங்கிக்கொண்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். எனக்கு இந்தக் குழந்தை வேண்டும்.

அத்தை இட்லி வாங்கக் கீழே போயிருந்தார். பூபதியைக் கூப்பிட்டேன்.

"கடைக்குப் போயிட்டு வாங்க."

"என்ன வேணும்?"

"துணி. நல்ல பருத்தியா, மெத்துனு, ரெண்டு. வெள்ளை வேண்டாம். மஞ்சளோ பச்சையோ, பூப்போட்டது எடுங்க. ரெண்டு தண்ணி அலசிக் காயப்போட்டுக் கொண்டாங்க."

அவர் வாசலைப் பார்த்தார். "அம்மா ஏதாச்சும் சொன்னா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"பொறக்கறதுக்கு முன்னாலயேவா?"

"ஆமாங்க. நல்லபடியாப் பொறந்தா அதுல சுத்தி என்ற பக்கத்துல படுக்க வெப்பாங்க. இல்லீன்னாலும் சுத்தோணுமில்ல. அப்பவும் என்ற கையிலதான் குடுக்கோணும்."

பூபதி சட்டைப்பையில் பணம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "மஞ்சளே எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.